குடத்தில் இடாத ஓலை

உரைநடை உலகம்

நுழையும்முன்

எண்களைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. எண்களைக் கண்டதும் நம்பிவிடுவோரும் உண்டு. 'நூற்றுக்கு அறுபது பேர் இவ்வாறு கூறினர்' என்னும் செய்தியைப் படிக்கும்போது, 'யாரைக் கேட்டனர்? எப்படித் தேர்ந்தெடுத்தனர்? யாரைக் கேட்காமல் விட்டனர்?' என்று வினவுவதற்குக் கணக்கில் பெரும்புலமை வேண்டுவதில்லை. தெளிந்த சிந்தனை போதும். அச்சிந்தனையைப் புதுச்சேரி மாநிலம் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டின் தெருக்கள் வழியே இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

பானையும் சோறும்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நாம் அறிந்த பழமொழி. பானை முழுவதையும் உண்டு பார்த்து வெந்ததா என அறிவார் எவருமிலர். ஒரு பருக்கையை எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்த்தால் போதும். சிறுபகுதியைக் கண்டு முழுமையை அறியும் இம்முறையைப் புள்ளியியலார் கூறெடுத்தல் என்பர். நாம் அறிய விரும்பும் அனைத்தின் திரளும் முழுமைத் தொகுதி. அதிலிருந்து எடுத்து ஆராயும் சிறுபகுதி கூறு. கூறு என்பதை மாதிரி என்றும் வழங்குவர்.

ஒரு பருக்கை எவ்வாறு பானைக்கே சான்றாகிறது? எல்லாப் பருக்கைகளும் ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லாத இடத்தில் ஒன்றே போதுமானது.

குழம்பில் உப்புப் பார்க்கும்போது நாம் வேறு விதமாக நடந்துகொள்கிறோம். முதலில் கரண்டியால் நன்றாகக் கலக்குகிறோம். பின்னரே சிறிது எடுத்துச் சுவைக்கிறோம். உப்பு ஓரிடத்தில் கரைந்தும் மற்றோரிடத்தில் கரையாமலும் இருக்கக்கூடும் என்பதை அறிந்ததனால் கலக்குகிறோம்.

நெல் மூட்டை வாங்கும் வணிகர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். மூட்டையின் வாயில் கிடக்கும் நெல்லை மட்டும் அள்ளிப் பார்த்து அவர் விலை பேசுவதில்லை. குத்தூசியை மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலும் செருகி நெல்லை எடுத்துப் பார்க்கிறார். நல்ல நெல் மேலேயும் பதர் அடியிலும் இருக்கலாம் என்பது அவருடைய பட்டறிவு.

கூறெடுத்தலின் அடிப்படைகள் இம்மூன்று செயல்களிலும் உள்ளன. வேறுபாடு இல்லையெனில் ஒன்று போதும். வேறுபாடு உண்டெனில் கலக்க வேண்டும். கலக்க இயலாதெனில் பல இடங்களிலிருந்தும் எடுக்க வேண்டும். ஓர் ஊரின் மக்கள் சோற்றுப் பருக்கைகளைப் போல ஒரே தன்மையர் அல்லர். குழம்பைப் போல அவர்களைக் கலக்கவும் இயலாது. ஆகவே மக்களைப் பற்றிய ஆய்வில் பழமொழியை அப்படியே பின்பற்றுதல் பிழையாகிவிடும்.

அனைத்தையும் எண்ணுதல் ஏன் இயலாது?

முழுமைத் தொகுதியிலுள்ள ஒவ்வொருவரையும் எண்ணும் முறையும் உண்டு. பத்தாண்டுக்கு ஒரு முறை எடுப்பதெனத் திட்டமிடப்பெற்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அத்தகையது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. ஒவ்வொரு வீட்டையும் நாடிச் சென்று பெற்ற எண் அது. அதற்குப் பெரும்பொருளும் பெரும்பணியாளர் படையும் நெடுங்காலமும் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வினாவுக்கும் அவ்வாறு செய்ய எந்த அரசாலும் இயலாது.

சில இடங்களில் அனைத்தையும் ஆராய்வது பொருளற்றதாகவும் ஆகிவிடும். ஒரு தொழிற்சாலையில் செய்யப்பெறும் மின்விளக்குகள் எத்தனை மணிநேரம் எரியும் என அறிய, ஒவ்வொன்றையும் அணையும்வரை எரித்துப் பார்த்தால் விற்பதற்கு விளக்கே எஞ்சாது. நோயாளியின் குருதியை ஆராய மருத்துவர் சில துளிகளையே எடுக்கிறார். இவ்விடங்களிலெல்லாம் கூறெடுத்தலைத் தவிர வேறு வழியில்லை.

சேதராப்பட்டில் ஒரு வினா

புதுச்சேரிப் பகுதி ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கும் துண்டுகளால் ஆனது. சேதராப்பட்டில் பழைய ஊரும் உண்டு; தொழிற்பேட்டையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களும், ஆலைப்பணிக்காக வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்போரும் இத்தகைய ஊரில் அருகருகே வாழ்கின்றனர். காலைப் பணி, மாலைப் பணி, இரவுப் பணி என்று ஷிப்டுகள் மாறுவதால், ஒரு வீடு விழிக்கும் நேரத்தில் மற்றொரு வீடு உறங்குகிறது.

பள்ளி மாணவர் குழு ஒன்று இவ்வூரில் ஓர் ஆய்வை மேற்கொள்வதாகக் கொள்வோம். 'குடிநீருக்காக ஒரு வீடு மாதந்தோறும் எவ்வளவு செலவிடுகிறது?' என்பது அவர்களின் வினா. குழாய்நீர் போதுமான வீட்டில் செலவு குறைவு; கேன் தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் செலவு மிகுதி. விடை கிடைத்தால், எங்கே குழாய் வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

விளக்கத்துக்காகச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். இவை ஊரின் உண்மைக் கணக்கு அல்ல. மொத்தம் 800 வீடுகள். அவற்றுள் 500 சொந்த வீடுகள். 300 வாடகை அறைகள். சொந்த வீட்டார் சராசரியாக மாதம் 100 ரூபாயும் வாடகை அறையினர் 500 ரூபாயும் குடிநீருக்குச் செலவிடுகின்றனர். அப்படியானால் 800 வீடுகளின் மொத்தச் செலவு 2,00,000 ரூபாய். ஒரு வீட்டின் சராசரி 250 ரூபாய். இந்த 250 என்னும் எண்தான் மாணவர்கள் தேடும் உண்மை. ஆனால், அது அவர்களுக்குத் தெரியாது. 80 வீடுகளில் மட்டும் கேட்டு அவர்கள் அதனைக் கண்டறிய வேண்டும்.

முதலில் தோன்றும் எளிய வழி, தேநீர்க் கடை வாசலில் நின்று வருவோர் போவோரைக் கேட்பது. அடுத்த வழி, தெரிந்தவர்களுக்குப் புலனத்தில் வினாவை அனுப்புவது. இரண்டும் வசதிக்கூறு எனப்படும். கடைக்கு வராதோரும் நம் தொடர்பில் இல்லாதோரும் அதில் இடம்பெற வழியில்லை. எத்தனை பேரைக் கேட்டாலும் அது நம் வசதியைக் காட்டுமேயன்றி ஊரைக் காட்டாது.

உத்திரமேரூர்க் குடம்

விருப்பு வெறுப்பு கலவாமல் தேர்ந்தெடுக்கும் வழியைத் தமிழகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பெற்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பெற்றன. ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். குடும்புக்கு ஒருவர் எனத் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் வாரியங்களில் பணியாற்றினர்.

குடவோலை, ஊரை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க எழுந்த முறை; ஆய்வுக்காக எழுந்தது அன்று. எனினும் கூறெடுத்தலின் உயிர்நிலை அதில் உள்ளது. குடத்தைக் குலுக்குவதால் எந்த ஓலைக்கும் முன்னுரிமை இல்லை. சிறுவன் எடுப்பதால் எடுப்பவரின் விருப்பம் நுழைவதில்லை. ஒவ்வோர் ஓலைக்கும் கைக்கு வரும் வாய்ப்பு ஒன்றே. இவ்வாறு ஒவ்வொருவருக்கும் சமமான வாய்ப்பளித்துத் தேர்ந்தெடுப்பதே எளிய சமவாய்ப்புக் கூறெடுத்தல்.

இக்கல்வெட்டு மற்றொன்றையும் கற்பிக்கிறது. குடத்தில் பெயர் இடப்பெறுவதற்குத் தகுதிகள் இருந்தன. வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். நிலமற்றோரின் பெயர் குடத்துக்குள் செல்லவில்லை. குடத்தை எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், அதில் இடாத ஓலை கைக்கு வராது.

குடத்தில் இடுவதற்குரிய பெயர்ப்பட்டியலைச் சட்டகம் என்பர். ஆய்வின் நேர்மை குலுக்கும்போது தொடங்குவதில்லை. பட்டியலை எழுதும்போதே தொடங்கிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

பிரதிநிதி வேறு, கூறு வேறு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். அது மக்கள் பெயரால் எடுக்கப்பெற்ற அரசியல் முடிவு. அதற்குரிய உரிமை தேர்தலிலிருந்து வந்தது. ஆனால், அதனைக்கொண்டு 'மக்களுள் நூற்றுக்கு 95 பேர் இணைப்பை விரும்பினர்' என்று கணக்கிட இயலாது; அந்த 178 பேர் குலுக்கலில் வந்தவர் அல்லர். மக்களுக்காக முடிவெடுப்பவர் பிரதிநிதி. மக்களின் நிலையைக் காட்டும் கண்ணாடி கூறு. கூறில் இடம்பெற்றவர் யார் சார்பிலும் முடிவெடுப்பதில்லை.

தேர்ந்தெடுக்கும் வழிகள்

மாணவர் குழு 800 வீடுகளையும் நேரில் கண்டு, 1 முதல் 800 வரை எண்ணிட்டுப் பட்டியல் எழுதியதாகக் கொள்வோம். இனி 80 வீடுகளைத் தேர்ந்தெடுக்க நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, எளிய சமவாய்ப்பு முறை. 800 சீட்டுகளைக் குலுக்கி 80 சீட்டுகளை எடுக்கலாம். கணினி தரும் சமவாய்ப்பு எண்களையும் பயன்படுத்தலாம். இம்முறை நேர்மையானது; ஆயினும் குலுக்கலின் போக்கு ஒருமுறை போல் மறுமுறை இராது. வாடகை அறைகள் 20 மட்டுமே வந்தால் சராசரி 200 ரூபாய் எனக் கிடைக்கும். 36 வந்தால் 280 ரூபாய் ஆகும். இவ்வாறு உண்மையைச் சுற்றி விடை சற்றே ஊசலாடுவது கூறெடுப்புப் பிழை. இது யாருடைய தவறும் அன்று. சிலரை மட்டும் கேட்பதற்கு நாம் கொடுக்கும் விலை.

இரண்டாவது, முறைசார்ந்த கூறெடுத்தல். 800ஐ 80ஆல் வகுத்தால் 10. முதற்பத்து எண்களுக்குள் ஒன்றைக் குலுக்கி எடுக்க வேண்டும். அது 7 எனில், 7, 17, 27 எனப் பத்துக்கு ஒன்றாக 797 வரை செல்ல வேண்டும். செயற்படுத்துவதற்கு எளிய வழி இது. ஆனால், ஓர் எச்சரிக்கை தேவை. வாடகை அறைகள் பத்துப் பத்தாக வரிசையில் கட்டப்பட்டு, ஒவ்வொரு வரிசையின் கடைசி அறையருகே மட்டும் குழாய் இருந்தால், பத்தாவது வீடுகளே மீண்டும் மீண்டும் வரக்கூடும். அப்போது எல்லா அறைகளுக்கும் குழாய் இருப்பதாகத் தோன்றிவிடும்.

மூன்றாவது, படுகை முறை. மண் படுகை படுகையாக அமைவதுபோல, மக்களும் தம்முள் ஒத்த பிரிவுகளாக வாழும்போது இது சிறந்தது. சொந்த வீடுகள் ஒரு படுகை. வாடகை அறைகள் மற்றொரு படுகை. பத்துக்கு ஒன்று என முதற்படுகையிலிருந்து 50, இரண்டாம் படுகையிலிருந்து 30 வீடுகளைத் தனித்தனியே குலுக்கி எடுக்க வேண்டும். இங்கு வாடகை அறைகள் இருபதாகக் குறைவதற்கோ முப்பத்தாறாக மிகுவதற்கோ இடமில்லை. குடும்புதோறும் தனித்தனியே ஓலை எடுத்த உத்திரமேரூர் முறையை இது நினைவூட்டுகிறது.

நான்காவது, கொத்து முறை. ஆய்வு ஓர் ஊரோடு நில்லாமல் மாநிலம் முழுவதும் பரவும்போது எல்லா வீடுகளுக்கும் பட்டியல் எழுதுதல் அரிது. அப்போது தெருக்களைக் குலுக்கி எடுத்து, எடுத்த தெருவிலுள்ள வீடுகளை எல்லாம் ஆராயலாம். ஊர்களை முதலில் குலுக்கி, பின்பு அவ்வூர்களில் வீடுகளைக் குலுக்கினால் அது பலகட்ட முறையாகும். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, பலகட்ட முறையில் ஏறத்தாழ 6.37 இலட்சம் வீடுகளைத் தேர்ந்து நாட்டு மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்தது. அலைச்சலும் செலவும் குறைவது இம்முறையின் நன்மை. ஒரே தெருவினர் பெரும்பாலும் ஒரே நிலையினராக இருப்பதால், புதிதாக அறிவது குறைவது இதன் குறை.

பெரிய கூறும் பெரிய பிழையும்

கூறு பெரியதாக இருந்தால் முடிவும் சரியாக இருக்கும் என்பது பலரும் கொள்ளும் எண்ணம். 1936 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ், ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றவரோ ரூசுவெல்ட். 48 மாநிலங்களுள் 46 அவர் பக்கம் நின்றன.

தவறு எங்கே நேர்ந்தது? தொலைபேசி வைத்திருந்தோர், மகிழுந்து உடையோர் முதலியோரின் பட்டியல்களிலிருந்தே இதழ் பெயர்களைத் திரட்டியது. பொருளாதாரப் பெருமந்தத்தால் நாடு வாடிய காலம் அது. தொலைபேசிக்கும் மகிழுந்துக்கும் வழியற்ற எளியோர் பலரின் பெயர் பட்டியலில் இல்லை. மேலும், சீட்டைப் பெற்றோருள் நால்வரில் ஒருவர் அளவினரே விடையளித்தனர். விடுத்தோர் மனநிலை தெரியாமலே போயிற்று. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர், அவ்விதழைவிட மிகச் சிறிய கூறைக்கொண்டே வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார்.

இதனைச் சேதராப்பட்டு எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்ப்போம். மாணவர்கள் வீடுவீடாகச் சென்று பட்டியல் எழுதாமல், உள்ளூர்க் குடும்ப அட்டைப் பட்டியலையே சட்டகமாகக் கொண்டதாக வைத்துக்கொள்வோம். வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்போரின் பெயர்கள் அதில் இல்லை எனக் கொள்க. பட்டியலிலுள்ள 500 வீடுகளையும் ஒன்றுவிடாமல் கேட்டாலும் கிடைக்கும் சராசரி 100 ரூபாய்தான். உண்மையோ 250 ரூபாய். முழுப்பட்டியலிலிருந்து படுகை முறையில் எடுத்த 80 வீடுகள் உண்மைக்கு அருகில் செல்கின்றன. குறைப்பட்டியலின் 500 வீடுகள் உண்மையை விட்டு விலகி நிற்கின்றன.

இவ்வகைப் பிழையைக் கூறெடுப்பு சாராப் பிழை என்பர். கூறெடுப்புப் பிழை, கூறு பெருகப் பெருகக் குறையும். பட்டியலின் குறையால் வரும் பிழை எத்தனை பேரைக் கேட்டாலும் குறையாது.

இதன் விளைவு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. 'ஒரு வீட்டுக்குக் குடிநீர்ச் செலவு 100 ரூபாய்' என்னும் அறிக்கையைப் படிப்பவர், இவ்வூருக்குப் புதிய குழாய்கள் தேவையில்லை என்றே முடிவு செய்வார். மிகுதியாகச் செலவிடும் 300 அறைகளின் தாகம் அவ்வறிக்கையில் இடம்பெறுவதே இல்லை.

எத்தனை பேர் போதும்?

நாம் சுவைக்கும் குழம்பு சிறு பாத்திரத்தில் இருந்தாலும் திருமண வீட்டு அண்டாவில் இருந்தாலும், நன்றாகக் கலக்கியிருந்தால் உப்புப் பார்க்க ஒரு கரண்டியே போதும். கூறெடுத்தலிலும் அவ்வாறே. முழுமைத் தொகுதி மிகப் பெரிதாக இருப்பதனால் மட்டும் கூறும் மிகப் பெரிதாக வேண்டுவதில்லை. முடிவின் துல்லியம் பெரும்பாலும் கூறின் அளவையே சார்ந்தது.

'ஆம்', 'இல்லை' என விடையளிக்கும் வினாவொன்றை எளிய சமவாய்ப்பு முறையில் 100 பேரிடம் கேட்டால், நம் விடை உண்மையிலிருந்து ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை மேலோ கீழோ விலகலாம். 400 பேரைக் கேட்டால் விலகல் 5 புள்ளிகளாகக் குறையும். 1,600 பேரைக் கேட்டால் 2.5 ஆகும். நூறு முறை ஆய்வு செய்தால் ஏறத்தாழ 95 முறை விடை இவ்வெல்லைக்குள் அமையும் என்பது இதன் பொருள். பிழையைப் பாதியாக்க உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவே ஓரளவுக்கு மேல் ஆட்களைக் கூட்டுவதைவிட, பட்டியலைச் செம்மைப்படுத்துவதே அறிவுடைமை.

பூட்டிய கதவு

பட்டியல் செம்மையானது, குலுக்கலும் நேர்மையானது. எனினும் மாணவர் ஒருவர் பகல் பதினொரு மணிக்குச் செல்லும்போது, தேர்ந்தெடுத்த அறை பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கதவு திறந்திருக்கிறது; அங்கே பாட்டி ஒருவர் அன்போடு பேசுகிறார். அவரிடம் கேட்டு எழுதிவிட்டால் பணி எளிதில் முடியும். ஆயினும் அவ்வாறு செய்தல் கூடாது. பகலில் கதவு திறக்கும் வீடும் பகலில் பூட்டிய வீடும் ஒன்றல்ல. பூட்டியவர் ஆலைக்குச் சென்றிருக்கலாம். இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டும் இருக்கலாம். திறந்த கதவுகளையே தொடர்ந்து நாடினால், முதியோர் மிகுந்து உழைப்போர் குறைந்த ஊராகச் சேதராப்பட்டு மாறிவிடும். வேறொரு நாள், வேறொரு நேரம், மீண்டும் அதே கதவைத் தட்டுவதே முறை.

நேரமும் கூறின் பகுதியே என்பதற்கு மருத்துவத்தில் சிறந்த சான்று உண்டு. யானைக்கால் நோய்க்குக் காரணமான நுண்புழுக்கள் நம் நாட்டில் பெரும்பாலும் இரவிலேயே குருதியின் மேற்பரப்புக் குழாய்களுக்கு வருகின்றன. பகலில் குருதி எடுத்தால் நோய்த்தொற்றுடையவரும் தொற்றற்றவராகத் தோன்றுவார். அதனால்தான் நலப்பணியாளர்கள் இரவில் வீடுவீடாகச் சென்று குருதி எடுக்கின்றனர். 1975 இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்நோயைப் பரப்பும் கொசுக்களைப் பற்றிய ஆய்வில் பெயர்பெற்றது. இரவில் மட்டும் வெளிப்படும் புழுவைத் தேட இரவில் செல்ல வேண்டும். இரவில் உழைப்பவரைக் காண அவர் விழித்திருக்கும் நேரத்தில் செல்ல வேண்டும்.

பாகூர் வயலில் இருபத்தைந்து சதுர மீட்டர்

கூறெடுத்தல் வீடுகளோடு முடிவதில்லை, வயலுக்கும் வருகிறது. புதுச்சேரிப் பகுதியின் தெற்கில் அமைந்த பாகூர், ஏரிப்பாசனத்தால் நெல் விளையும் கொம்யூன். விளைச்சல் எவ்வளவு என்பதை அறிய எல்லா வயல்களின் நெல்லையும் எடையிட இயலாது. அதற்கெனப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்னும் முறை நாடெங்கும் உள்ளது. முதலில் சில வயல்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுப்பர். பின்பு வயலின் ஒரு மூலையிலிருந்து நீளவாட்டில் எத்தனை அடி, அகலவாட்டில் எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதையும் சமவாய்ப்பு எண்களே முடிவு செய்யும். அவ்வாறு சென்று சேர்ந்த இடத்தில் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட சதுரத்தை அளந்து கயிறு கட்டி, அதற்குள் விளைந்த கதிரை அறுத்து அடித்து எடையிடுவர்.

கண்ணுக்கு அழகான இடத்தில் கயிறு கட்டினால் விளைச்சல் மிகையாகும். கருகிய இடத்தில் கட்டினால் குறையும். நடக்கும் அடிகளை எண்கள் முடிவு செய்வதால் இருவரின் விருப்பமும் நுழைவதில்லை. ஒரு எக்டேரில் இத்தகைய சதுரங்கள் 400 அடங்கும். எனவே சதுரத்தில் ஒரு கிலோ பிழைத்தால் எக்டேரில் 400 கிலோ பிழைக்கும். 2016 இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விளைச்சல் இழப்பை மதிப்பிட இத்தகைய பரிசோதனைகளின் முடிவுகள் பயன்படுகின்றன. கயிறு கட்டாத வயலுக்குரிய உழவரின் இழப்பீடும் கயிறு கட்டிய சதுரத்தைப் பொறுத்தது.

இந்நாட்டில் பெரிய அளவிலான கூறாய்வுகளுக்கு வழிகாட்டியவர் பி. சி. மகலனோபிஸ் (1893 - 1972). கொல்கத்தாவில் 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பையும் விளைச்சலையும் அறிய 1937 முதல் அவர் நடத்திய ஆய்வுகள், முழுக் கணக்கெடுப்பைவிட மிகக் குறைந்த செலவில் நம்பத்தக்க விடை பெற முடியும் என்பதைக் காட்டின. தம் பணியாளர்களின் பிழையையும் அவர் ஆய்வுக்குரியதாகக் கொண்டார். ஒரே பகுதியில் இரு குழுக்கள் தனித்தனியே தேர்ந்தெடுத்த கூறுகளை ஆராய்ந்து வரும். இரு விடைகளும் பெரிதும் வேறுபட்டால் அளவையில் குறையுண்டு என அறியலாம். 1950 இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அவர் முயற்சியின் பயன். அவர் பிறந்த சூன் 29 ஆம் நாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

வாசகர் எழுப்ப வேண்டிய வினாக்கள்

நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ ஓர் ஆய்வு முடிவைக் காணும்போது, எண்ணை ஏற்பதற்கு முன் ஐந்து வினாக்களை எழுப்பலாம். முழுமைத் தொகுதி எது? பெயர்ப்பட்டியல் எங்கிருந்து வந்தது? குலுக்கித் தேர்ந்தெடுத்தனரா, வசதிப்படி எடுத்தனரா? தேர்ந்தெடுத்தோருள் எத்தனை பேர் விடையளித்தனர்? யார் விடுபட்டனர்? 'எத்தனை பேரைக் கேட்டனர்' என்னும் வினா இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

நம் மாணவர் குழு இறுதியில் என்ன செய்தது எனக் கொள்வோம்? குடும்ப அட்டைப் பட்டியலோடு நில்லாமல் தெருத்தெருவாக நடந்து வாடகை அறைகளின் கதவுகளையும் எண்ணியது. அந்த நடைக்கு இரண்டு நாள் ஆயிற்று. 80 வீடுகளிடம் கேட்டு முடிப்பதைவிட அதுவே கடினமான பணி. ஆனால், அந்த இரண்டு நாள் நடைதான் 100 ரூபாய் என்னும் பிழையிலிருந்து 250 ரூபாய் என்னும் உண்மைக்கு அவர்களை அழைத்துச் சென்றது. 300 அறைகளின் ஓலைகளும் குடத்துக்குள் சென்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் 'ஒரு மாணவர் பள்ளிக்கு வர ஆகும் நேரம்' பற்றி ஆராய ஒரு சட்டகம் எழுதுக. அதில் யார் விடுபடக்கூடும் என வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் வகுப்பு மாணவர் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, பத்துப் பேரின் உயரத்தின் சராசரியைக் காண்க. இதனை ஐந்து முறை செய்து, விடைகள் எவ்வாறு ஊசலாடுகின்றன என அட்டவணைப்படுத்துக.

3. நாளிதழில் வந்த கருத்துக்கணிப்பு ஒன்றை எடுத்து, பாடத்தில் கூறப்பெற்ற ஐந்து வினாக்களையும் எழுப்பி விடை காண்க.

மதிப்பீடு

குறுவினா

1. முழுமைத் தொகுதி, கூறு - வேறுபடுத்துக.
2. சட்டகம் என்பது யாது?

சிறுவினா

1. குடவோலை முறை கற்பிக்கும் இரண்டு கருத்துகளை விளக்குக.
2. பூட்டிய வீட்டுக்கு மாற்றாகப் பக்கத்து வீட்டில் கேட்பது ஏன் தவறு?

நெடுவினா

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழி மக்களைப் பற்றிய ஆய்வுக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைப் பாடப்பகுதியின் எடுத்துக்காட்டுகளுடன் கட்டுரைக்க.